போகிக்கு ஆள் வரும்

பண்டிகைக்கு முந்தின நாள் காலையில் ஹோம் வேன் எங்களை ஏற்றிக்கொண்டு கூட்டேரிப்பட்டுக்குப் போகும். ஹோம் இருந்த இடத்துக்குப் பேருந்து கிடையாது. மயிலத்திலிருந்து பிரியும் ஒரு மண்பாதையில், மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலைக் கொல்லைகளைத் தாண்டி உள்ளே போக வேண்டும். பிள்ளைகளை அழைத்துப்போக வருகிறவர்கள் அவ்வளவு தூரம் அலைய வேண்டாம் என்று, நெடுஞ்சாலைச் சந்திப்பிலேயே எங்களை ஒப்படைக்கும் வழக்கம் ஏற்பட்டிருந்தது. அங்கே பயணிகள் நிழற்குடை ஒன்று இருந்தது. அதன் எதிரே வேன் நிற்கும். வருகிறவர்கள் பிள்ளையின் பெயரைச் சொல்வார்கள். டிரைவர் அந்தப் பிள்ளையிடம் திரும்பி, "உங்க ஆளுதானா?" என்று கேட்பார். பிள்ளை தலையாட்டினால் தூக்கி இறக்கிவிடுவார். அதற்கு மேல் எந்த நடைமுறையும் இல்லை.

அது இரண்டு வகை மனிதர்களுக்கான ஹோம். ஒரு கூடத்தில் கை கால் வராத, காது கேளாத, பேச்சு சரியாக வராத பிள்ளைகள். எதிர்க் கூடத்தில் யாரும் இல்லாத வயதான பெண்கள். மயிலம் கோயில் வாசலிலிருந்தும் திண்டிவனம் பேருந்து நிலையத்திலிருந்தும் விழுப்புரம் ரயில் நிலையத்திலிருந்தும் அழைத்து வரப்பட்டவர்கள். நடுவில் தகரக் கூரை போட்ட சாப்பாட்டுக் கொட்டகை. பிறந்தநாளுக்கும் நினைவுநாளுக்கும் சாப்பாடு போட வருகிறவர்கள் அந்தக் கொட்டகையில் நின்று, "ஆயாங்களுக்குப் பேரப்புள்ளைங்க கெடச்சிட்டாங்க, புள்ளைங்களுக்கு ஆயா கெடச்சிட்டாங்க" என்று சொல்லிக் கண் கலங்குவார்கள். உண்மையில் நாங்கள் கத்துகிறோம் என்று ஆயாக்கள் வார்டனிடம் புகார் சொல்வார்கள். அவர்கள் பக்கம் மூத்திர நாற்றம் அடிக்கிறது என்று நாங்கள் மூக்கைப் பொத்திக்கொள்வோம். படம் எடுக்கும்போது மட்டும் ஒருவர் மடியில் ஒருவரை உட்கார வைப்பார்கள். படம் எடுத்து முடிந்ததும் அவரவர் கூடத்துக்குப் போய்விடுவோம்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கைக்குழந்தையாக இருந்தபோது வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிவிட்டது. தொடை வரை இரும்புப் பட்டை, அடியில் தடித்த பூட்ஸ். மரக்காணத்துக்குத் தெற்கே ஒரு குப்பம் எங்கள் ஊர். அம்மா இறந்த வருடமே அப்பா என்னை ஹோமில் விட்டார். விடியுமுன் கடலுக்குப் போகிறவர், மணலில் பூட்ஸ் புதையும் ஒரு பெண்ணை யார் பொறுப்பில் விட்டுவிட்டுப் போவார் என்பது நியாயமான கேள்விதான். ஒவ்வொரு பண்டிகைக்கும் வந்து அழைத்துப்போவார். அந்த வருடம் தீபாவளிக்கு வரவில்லை.

தீபாவளிக்கு வராதது பெரிய விஷயம். பிள்ளைகள் கூடத்தில் எல்லாருக்கும் தெரிந்த ஒரு கணக்கு உண்டு. ஒரு பண்டிகைக்கு ஆள் வரவில்லையென்றால் வேலை, மழை, காய்ச்சல் என்று ஏதாவது சொல்லிக்கொள்ளலாம். அடுத்த பண்டிகைக்கும் வரவில்லையென்றால் பிறகு எப்போதும் வர மாட்டார்கள். அப்படி ஆனவர்கள் எங்கள் கூடத்திலேயே சிலர் இருந்தார்கள். வேன் புறப்படும்போது அவர்கள் வாசலுக்கு வர மாட்டார்கள். அவர்களை 'ஆயா கட்சி' என்று சொல்வோம்.

மார்கழி மாதத்தில் ஒரு நாள் வார்டன் அக்கா என்னை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார். "உங்கப்பா போன் பண்ணாரு. போகிக்கு ஆள் வரும்னு சொல்லச் சொன்னாரு." எனக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரியிடம் போய் அப்பா வருகிறார் என்று சொன்னேன். அவள் திருக்கனூர்க்காரி. இரண்டு காலும் வராது, வாய்க்குக் குறைவில்லை.

"பாக்கலாம் பாக்கலாம். வரலன்னா நீ ஆயா கட்சிதான்டி. இப்பவே வெத்தலை இடிக்கக் கத்துக்க" என்றாள்.

வேனில் பிள்ளைகளோடு ஒரு ஆயாவும் வருவாள். அவளைக் கூட்டேரிப்பட்டு ஆயா என்போம். அது அவள் ஊர் அல்ல. பண்டிகை தவறாமல் கூட்டேரிப்பட்டுக்குப் போய்வருவதால் வந்த பெயர். அன்று காலையில் தலையை நனைத்து வாரி, யாரோ தானம் கொடுத்த புதுச் சேலையைக் கட்டி, ஜவுளிக்கடைப் பை ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எங்களுக்கு முன்பே வேனில் ஏறி உட்கார்ந்திருப்பாள். சாயங்காலம் அதே வேனில் திரும்பி வருவாள். அவளை அழைத்துப்போக உலகத்தில் யாரும் இல்லை. யாரும் இல்லை என்பதால்தான் ஹோமில் சேர்த்திருந்தார்கள்.

"உன்ன கூட்டிக்கினு போறதுக்கு யாரு ஆயா வர்றாங்க, கலெக்டரா?" என்று டிரைவர் கேட்பார்.

"எவனோ வர்றான். உனக்கு என்னா? டீசலை நானா குடிச்சிடப் போறேன்? வண்டிய எடு."

"வந்தா என்கிட்டயும் காட்டு. ஒரு மனு குடுக்கணும்."

"நீ குடுக்கற மனுவ படிக்கிறதுக்குள்ள அவன் ரிட்டையர் ஆயிடுவான்."

வார்டன் அக்கா ஏன் அவளைத் தடுக்கவில்லை என்று நான் யோசித்ததில்லை. டிரைவர் மிச்சப் பிள்ளைகளைத் திண்டிவனத்தில் விடப் போகும்போது, ஆள் வரத் தாமதமான பிள்ளைகள் நிழற்குடையில் அவளோடுதான் இருப்பார்கள். யாரும் சொல்லிக்கொள்ளாமலே அது ஒரு வேலையாக ஆகியிருந்தது.

போகியன்று பாதையெங்கும் புகை. பழைய பாயும் டயரும் எரிந்த நெடி வேனுக்குள் வந்தது. நான் புதுப் பாவாடை கட்டியிருந்தேன். சென்னையிலிருந்து வந்த யாரோ கொடுத்தது. என் அளவுக்கு மிகப் பெரியது. இடுப்பில் மடித்துச் செருகியும் தரையைத் தொட்டது. கூட்டேரிப்பட்டில் கூட்டம் அதிகம். சாலைக்கு எதிர்ப்புறம் கரும்புக் கட்டுகளைச் சாய்த்து வைத்து, ஒரு புது ஆள் கடை போட்டிருந்தார். பண்டிகைக்கு மட்டும் வந்த வியாபாரி.

ஒவ்வொருவராக வந்தார்கள். "உங்க ஆளுதானா?" தலையாட்டல். இறக்கம். கண்டமங்கலத்துப் பையனை அவன் மாமா தோளில் தூக்கிக்கொண்டு போனார். கோட்டக்குப்பத்துப் பெண்ணுக்குப் பண்டிகை இல்லாவிட்டாலும் விடுமுறை உண்டு. அவள் வாப்பா மோட்டார் சைக்கிளில் வந்தார். பக்கத்துப் படுக்கைக்காரியை அவள் அம்மாவும் அண்ணனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஆட்டோவில் ஏற்றினார்கள். ஆட்டோ நகரும்போது அவள் என்னைப் பார்த்து வெற்றிலை இடிப்பதுபோலக் கையைக் காட்டினாள்.

கடைசியில் நானும் திண்டிவனத்தில் இறங்க வேண்டியவர்களும் மட்டும் மிஞ்சினோம். டிரைவர் என்னை இறக்கி நிழற்குடையில் உட்கார வைத்தார்.

"ஆயா, இத்த பாத்துக்கோ. அதுங்கள வுட்டுட்டு, வண்டிக்குக் காத்து அடிச்சிக்கினு ஜல்தியா வந்துடறேன். அதுக்குள்ள இதோட அப்பா வந்துடுவாரு."

"போ போ. நீ ஜல்தியா வந்த கதை எனக்குத் தெரியாதா?"

வேன் போனது. சிமெண்டு பெஞ்சில் நாங்கள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். இரும்புப் பட்டையோடு உட்கார்ந்தால் கால் மடங்காது, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். போகிற வருகிறவர்கள் முதலில் பூட்ஸைப் பார்ப்பார்கள், பிறகு முகத்தை, பிறகு மறுபடி பூட்ஸை. ஆயா அதைக் கவனித்தாள்.

"பாவாடைய இழுத்து வுட்டு மூடு. கண்காட்சியா நடத்துற?"

இழுத்து விட்டேன். பூட்ஸ் நுனி வரை மறைந்தது. அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

ஆயா அங்கே என்ன செய்கிறாள் என்பதை அன்றுதான் நான் முழுதாகப் பார்த்தேன். அவள் யாரையும் எதிர்பார்க்கவில்லை. பேருந்துகளைப் பார்த்துக் கழுத்தை நீட்டவில்லை. பக்கத்தில் யார் வந்து உட்கார்ந்தாலும், "எந்த ஊரு? பண்டிகைக்கா?" என்று பேச்சுக் கொடுத்தாள். அவர்கள் திருப்பிக் கேட்பார்கள். "நானா? கண்டமங்கலம். மவன் வந்துக்கினு கீறான், அவனோட போவணும்" என்பாள். இன்னொருவரிடம், மகள் வீடு வளவனூரில் என்றாள். பேருந்து வந்ததும் அவர்கள் எழுந்து, "வர்றேங்க ஆயா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் ரொம்பவும் சாதாரணமாகத் தலையசைத்தாள். அவளுக்கு மகனும் இல்லை, மகளும் இல்லை என்பது எனக்குத் தெரியும். கிழவி நன்றாகப் புளுகுகிறாள் என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

வெயில் உச்சிக்கு வந்தது. அப்பா வரவில்லை. மரக்காணம் பக்கத்து ஆட்கள் யாராவது இறங்குகிறார்களா என்று ஒவ்வொரு பேருந்திலும் வேட்டி சட்டைக்காரர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போதுதான் பச்சைச் சேலை கட்டிய ஒரு பெண் எதிர்ப்புறம் வந்து இறங்கினாள். இளவயது. கரும்புக்காரரிடம் ஏதோ கேட்டாள். அவர் திண்டிவனம் போகும் சாலையைக் கையால் காட்டினார். அவள் அந்தத் திசையில் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சாலையைக் கடந்து நிழற்குடைக்கு வந்து, எங்கள் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்தாள். கழுத்தில் தாலிக் கயிறு மஞ்சள் மாறாமல் இருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வெள்ளையாக எந்த வேன் வந்தாலும் பாதி எழுந்து, பிறகு உட்கார்ந்தாள்.

வெகுநேரம் கழித்து, மடியிலிருந்த பையைப் பிரித்து ஒரு மல்லாட்டை உருண்டையை எடுத்து என்னிடம் நீட்டினாள். நான் ஆயாவைப் பார்த்தேன். "வாங்கிக்க" என்றாள் ஆயா.

"எந்த ஊரு ஆயா?"

"கண்டமங்கலம்."

"பண்டிகைக்குப் போறீங்களா?"

"ஆமா. மவன் வந்துக்கினு கீறான்."

"இது உங்க பேத்தியா?"

மகனைப் பற்றியும் மகளைப் பற்றியும் தடங்கலில்லாமல் சொன்ன ஆயா, இதற்கு என் பக்கம் திரும்பி ஒரு தடவை பார்த்தாள்.

"ஆமா" என்றாள்.

"அதான் உங்க ஜாடையே கீது."

"மூக்கு மட்டும் அவ அம்மாளுது" என்றாள் ஆயா.

நான் மறுக்கவில்லை. நிழற்குடையில் உட்கார்ந்திருக்கும்போது, ஹோம் பிள்ளையாக இருப்பதைவிட யாரோ ஒருத்தியின் பேத்தியாக இருப்பது வசதியாக இருந்தது. அந்தப் பெண் என்ன படிக்கிறாய் என்று கேட்டாள். நாலாவது என்றேன். நல்லாப் படிக்கணும் என்றாள். எல்லாரும் சொல்கிறதுதான். ஆனால் சொல்லிவிட்டு அவள் என் பூட்ஸைப் பார்க்கவில்லை. பார்ப்பதற்கு ஒன்றும் வெளியே தெரியவில்லை. உருண்டையைத் தின்றுகொண்டே ஆயா மேல் சாய்ந்தவள், அப்படியே தூங்கிப்போனேன். தூக்கத்தினூடே, பேருந்து வந்து நிற்கும் சத்தமும், மரக்காணம் என்று யாரோ சொல்வதும் காதில் விழுந்ததுபோல இருந்தது.

விழித்தபோது என் தலைக்கடியில் ஜவுளிக்கடைப் பை இருந்தது. பெஞ்சின் மறுகோடி காலி. ஆயா பக்கத்தில் இல்லை. எழுந்து பார்த்தேன். அவள் நெடுஞ்சாலையின் விளிம்பில், வெயிலில், செருப்பில்லாமல் நின்றுகொண்டிருந்தாள். செருப்பு பெஞ்சுக்கடியில் கிடந்தது. ஒரு கை தோள் உயரத்துக்குத் தூக்கியபடி இருந்தது. சாலையில் பேருந்து ஒன்றும் இல்லை.

"ஆயா!" என்று கத்தினேன். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"என்னா ஆயா? யாரு வந்தாங்க?"

"யாரும் இல்ல. வுடு."

"அந்த அக்கா எங்க?"

"பஸ்ஸு வந்துச்சி, பூட்டா."

அதன் பிறகு அவள் யாரிடமும் பேச்சுக் கொடுக்கவில்லை. ஒரு விவசாயி பக்கத்தில் உட்கார்ந்து எந்த ஊர் என்று கேட்டார். அவள் காது கேளாததுபோல இருந்தாள். என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். வலித்தது. சொன்னால் விட்டுவிடுவாள் என்று நான் சொல்லவில்லை.

சாயங்காலம் வேன் வந்தது. டிரைவர் என்னைப் பார்த்ததும் வழக்கமான கேலியை ஆரம்பித்துப் பாதியில் நிறுத்திக்கொண்டார். தூக்கி உள்ளே உட்கார வைத்தார். "கடலுக்குப் போயிருப்பாரு. கடல்ல எங்க பண்டிகை?" என்றார். ஆயாவிடம் அன்று அவர் எதுவும் கேட்கவில்லை. அவளும் வண்டிய எடு என்று சொல்லவில்லை.

பொங்கலுக்கு ஹோமில் சர்க்கரைப் பொங்கல் போட்டார்கள். காலிக் கூடத்தில் என் கட்டிலும் ஆயா கட்சிப் பிள்ளைகளின் கட்டில்களும் மட்டும் விரிப்போடு இருந்தன. இரும்புப் பட்டையின் வாரை இரவில் நானே கழற்றி, காலையில் நானே மாட்டிக்கொண்டேன். மாட்டுப் பொங்கலுக்கும் யாரும் வரவில்லை.

பிள்ளைகள் எல்லாம் திரும்பி வந்த பிறகு, ஒரு நாள் மதியம் வார்டன் அக்கா சாப்பாட்டுக் கொட்டகைக்குள் வந்தார். தட்டுகள் போட்டாகிவிட்டது. எல்லார் முன்னாலும் கேட்டார்.

"ஏன்டீ, உங்கப்பா போன்ல சத்தம் போடறாரு. உன் சித்தி போகி அன்னிக்கி கூட்டேரிப்பட்டு வந்து, ரொம்ப நேரம் காத்திருந்துட்டுத் தனியா வந்தாளாம். வேன் போயிடுச்சி, புள்ளைங்கள்லாம் போயிட்டாங்கன்னு கரும்புக்காரன் சொன்னானாம். நீ எங்க போன? ஆயா, யாராவது வந்து கேட்டாங்களா?"

எனக்கு ஒரு சித்தி உண்டு என்பதை நான் தெரிந்துகொண்டது அப்படித்தான். தீபாவளிக்கு அப்பா ஏன் வரவில்லை என்பதும் அதிலேயே இருந்தது. தட்டில் சாம்பார் ஊற்றிக்கொண்டே போனார்கள்.

ஆயா தன் தட்டைப் பார்த்தபடி, "பேரு சொல்லி யாரும் கேக்கலியே" என்றாள்.

என்னிடம் கேட்டார்கள். நானும் யாரும் வரவில்லை என்றேன். நான் அப்பாவைத் தேடிக்கொண்டிருந்தேன். அப்பா வரவில்லை. எனக்குத் தெரிந்தவரை அது உண்மை.

அன்றிலிருந்து ஆயா என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். எதிரே வந்தால் சுவரோரமாக ஒதுங்கிப் போனாள். படம் எடுக்க வந்தவர்கள் ஒரு தடவை என்னை அவள் மடியில் உட்கார வைத்தபோது, இடுப்பு வலிக்கிறது என்று சொல்லி எழுந்து போய்விட்டாள். நிழற்குடையில் தூங்கி அவள் மேல் எச்சில் வடித்துவிட்டேனோ என்னவோ என்று நான் நினைத்தேன். கேட்கத் துணிவு வரவில்லை.

மே மாத விடுமுறைக்கு வேன் தயாராக நின்றது. என்னை ஏற்றுவதா வேண்டாமா என்று வார்டன் அக்காவும் டிரைவரும் பேசிக்கொண்டிருந்தார்கள். ஆயா உட்காரும் முன்னிருக்கை காலியாக இருந்தது.

"ஆயா! ஏறலியா? கலெக்டர் காத்துக்கினு இருப்பாரு."

சாப்பாட்டுக் கொட்டகைத் தூணில் சாய்ந்து மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தவள், "வெயிலு" என்று மட்டும் சொன்னாள்.

அப்போது மண்பாதையில் புழுதி கிளப்பிக்கொண்டு ஒரு ஆட்டோ வந்து நின்றது. கூட்டேரிப்பட்டில் எனக்கு உருண்டை கொடுத்த பெண் அதிலிருந்து இறங்கினாள். வார்டன் அக்காவிடம் அப்பாவின் பெயரைச் சொன்னாள், பிறகு என் பெயரை. வார்டன் அக்கா என்னைக் காட்டினார்.

அவள் முதலில் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு இரும்புப் பட்டையைப் பார்த்தாள். பிறகு மறுபடி முகத்தை. மற்றவர்கள் பார்ப்பதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வித்தியாசம் இருந்தது. சட்டென்று திரும்பி, முற்றத்தில் யாரையோ தேடினாள். கொட்டகைத் தூணருகே அவள் கண்கள் நின்றன.

மல்லாட்டை உரிக்கும் சத்தம் நின்றுவிட்டது.

சித்தி கொட்டகைக்கு நடந்து போனாள். ஆயா தலையை நிமிர்த்தவில்லை. மடியிலிருந்த மல்லாட்டைத் தொலியை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். திட்டப்போகிறாள் என்று நான் நினைத்தேன். எதற்குத் திட்டு என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஆயா உட்கார்ந்திருந்த விதம் திட்டு வாங்கப்போகிறவர் உட்காரும் விதம். எங்கள் கூடத்தில் எல்லாருக்கும் அது பழக்கம்.

"பேத்திய கூட்டிக்கினு போறேன் ஆயா" என்றாள் சித்தி. "பள்ளிக்கூடம் தொறக்கறப்ப கொண்டாந்து வுட்டுடறேன்."

ஆயா கீழே பார்த்தபடியே, "தலையில பேன் கீது. வாரி வுடு" என்றாள்.

எல்லார் முன்னாலும் அப்படிச் சொன்னதில் எனக்கு அழுகை வந்தது. அவளிடம் சொல்லிக்கொள்ளாமலே ஆட்டோவில் ஏறினேன்.

திண்டிவனத்தில் மரக்காணம் பேருந்து பிடித்தோம். சித்தி என்னை ஜன்னலோரம் உட்கார வைத்து, இரும்புப் பட்டை நடைபாதையில் போகிறவர்களைத் தடுக்காதபடி தன் கால்களைக் குறுக்கே வைத்துக்கொண்டாள். ஊர் தாண்டியதும் நான் அவளிடம் விஷயத்தை விளக்கினேன். அவள் புதியவள். தவறாகப் புரிந்துகொண்டிருந்தாள். யாராவது சரியாகச் சொல்ல வேண்டும் என்று எனக்குப் பட்டது.

"அவங்க என் ஆயா இல்ல. ஹோம்ல கீறவங்க, அவ்ளோதான். அவங்களுக்கு யாருமே கெடையாது. எனக்கு ஒண்ணும் ஆவ மாட்டாங்க."

சித்தி "ம்" என்றாள். என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு விரல்களால் மயிரைப் பிரித்தாள். ஓரிடத்தில் விரல்கள் நின்றன. வெகுநேரம் அங்கேயே இருந்தன. பேன் அகப்பட்டுவிட்டது என்று நினைத்து, அது நழுவிவிடக்கூடாதே என்று நான் அசையாமல் இருந்தேன்.